எண்ணெய்த் தலையும் உப்புத்தண்ணீர்த் தொப்பியும்

ஹெல்சிங்கியில் நான் வேலை பார்க்கும் அறைக்குள் பூமியின் காந்தம்கூட நுழையக் கூடாது. சுவர் உலோகம், கதவும் உலோகம். அந்தக் கதவை இழுத்துச் சாத்த முதல் வாரம் எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே போகிறவர்கள் தோடு, கொலுசு, ஹேர்பின், ஜிப் வைத்த பேன்ட் எல்லாவற்றையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். மூளையின் செல்கள் ஒன்றோடொன்று பேசும்போது எழும் காந்தம் அவ்வளவு மெலிசானது. தெருவில் டிராம் போனாலே அது அமுங்கிப்போகும். அதைப் பிடித்து, எந்தச் சத்தத்துக்கு மூளையின் எந்த இடம் விழிக்கிறது என்று படம் போடுவதுதான் என் வேலை.

நாலு வருடம் படம் போட்ட பிறகு ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இந்தப் படத்தில் இருக்கும் தலைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தலை ஒன்றுகூட இல்லை. பெரம்பலூரில் ஒரு பிள்ளை தமிழில் கதை கேட்கும்போது அதன் மூளை என்ன செய்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது.

"காந்த அறையைக் கழற்றிப் பெரம்பலூருக்கு அனுப்ப முடியாதே" என்றார் எங்கள் பேராசிரியர்.

"காந்தம் வேண்டாம். மின்சாரம் போதும். தொப்பியை மட்டும் கொடுங்கள்."

தொப்பி என்பது முப்பத்திரண்டு சின்னப் பஞ்சுகள் வைத்த ஒரு வலை. பஞ்சுகளை உப்புத்தண்ணீரில் நனைத்துத் தலையில் மாட்டினால், மண்டைத் தோலுக்கு வந்து சேரும் மின்சாரத்தை அது பிடித்துக் கொடுக்கும். கணினியையும் சேர்த்து ஒரே பெட்டியில் அடங்கிவிடும். பேராசிரியர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஒரு வாரம். மூத்த டெக்னீஷியன் மார்த்தா கூட வருவாள். இருபது பிள்ளைகளிடம் சுத்தமான பதிவு கிடைத்தால் பெட்டி ஒரு வருடம் எங்கள் பக்கம் இருக்கும். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மார்த்தாவோடு அதே விமானத்தில் திரும்பிவிடும்.

"எங்க ஊர்த் தலையெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பாடாலூரில் காரை நிறுத்திப் பொங்கல் சாப்பிட்டோம். மார்த்தா ஐம்பது வயதுக்காரி. பேச்சைவிடப் பார்வை அதிகம். பின்லாந்துக்காரர்களும் காலையில் கஞ்சிதான் சாப்பிடுகிறார்கள். ஓட்ஸை வேகவைத்து, நோயாளிக்குக் கொடுப்பது போல ஒன்றும் போடாமல் சாப்பிடுவார்கள். பொங்கலில் ஒரு மிளகைக் கடித்துவிட்டு, "கஞ்சியில் இதைப் போடலாம் என்று எங்கள் நாட்டில் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?" என்று கேட்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரம்மாவுக்குக் காரம் ஆவுமா?"

"ஆவுதுங்க. இன்னொரு வடை வைங்க."

"பேரு என்ன?"

"மார்த்தா."

"அட! எங்க டெய்லரம்மா பேரு" என்று சொல்லி, அந்த உறவுக்காகச் சட்டினியை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

புதன்கிழமை அரும்பாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் காலியாக இருந்த வகுப்பறையில் பெட்டியைத் திறந்தோம். பெற்றோருக்கு இரண்டு வாரம் முன்பே தமிழில் கடிதம் அனுப்பியிருந்தேன். நானே எழுதிய கடிதம். "பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் அழைத்து வரவும்" என்ற வரிக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன்.

ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது தலையும் மின்னின. பெண் பிள்ளைகளுக்கு வகிடு கோடு போட்டது போல எடுத்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டியிருந்தது. பையன்களின் நெற்றியில் எண்ணெய் வழிந்து, திருநீற்றை நனைத்திருந்தது.

முதலில் யாழினி. நாலாம் வகுப்பு. தொப்பியை மாட்டினேன். கணினித் திரையில் முப்பத்திரண்டு புள்ளிகள். பஞ்சு தோலைத் தொட்டுவிட்டால் புள்ளி பச்சையாக வேண்டும். முப்பத்திரண்டும் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், நகர்த்திப் பார்த்தேன், உப்புத்தண்ணீரை இன்னும் விட்டுப் பார்த்தேன். எண்ணெய்க்கு மேல் தண்ணீர் என்ன செய்யும்? உருண்டு காதுப் பக்கம் ஓடியது.

"அக்கா, எண்ணெய் வைக்காமக் கூட்டியாரச் சொல்லி எழுதியிருந்தேனே?" என்று அவள் அம்மா சுமதியிடம் கேட்டேன். மக்காச்சோளக் காட்டு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"படிச்சேன். அதுக்காவ? வெளியூர்க்காரங்க பாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும் பரட்டத் தலையோட அனுப்புவாங்களா? கொஞ்சந்தான் வச்சேன்."

அந்தக் கொஞ்சத்தில் நாலு வடை சுடலாம்.

"எண்ணெ வைக்காமக் கூட்டியாந்தா, பெத்தவ இருக்காளா செத்தாளான்னு எங்க மாமியாரு கேக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சுமதி என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார். கழுத்தளவு வெட்டிய முடி, பனி நாட்டில் காய்ந்துபோனது. "ஏம் பாப்பா, நீ எண்ணெயே வைக்கிறதில்லையா? சோளத்தட்டப் போரு மாதிரில்ல கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மார்த்தா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. தோல் சிவந்து யாழினி அழுதாள். அதோடு நிறுத்திவிட்டோம். அன்றைய கணக்கு பூஜ்யம்.

அன்று மாலை லாட்ஜ் வராந்தாவில் மார்த்தா வீட்டுக்குப் போன் பேசினாள். பின்னிஷ் எனக்கு ஓரளவு புரியும் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் குரலைத் தாழ்த்தவில்லை. "அருமையான ஜனங்கள், அருமையான சாப்பாடு. ஆனால் அளக்க முடியாது என்றுதான் எழுத வேண்டி வரும் போல."

அளக்க முடியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர், அம்மா களையெடுக்கப் போகிறவர். என்னைப் பற்றி முன்பே முடிவு கட்டிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் மார்க் ஷீட்டைக் காட்டித்தான் பதில் சொன்னேன். இந்த வரிக்குப் பதிலாகக் காட்ட என்னிடம் ஒரு பதிவுகூட இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே பள்ளியில் இருந்தேன். என் திட்டம் எளிமையானது. பள்ளியில் குழாய் இருக்கிறது, இங்கேயே ஷாம்பூ போட்டு அலசிவிடலாம்.

"இன்னிக்கா?" சுமதி வாயில் கை வைத்தார். "வியாழக்கெழம பொட்டப் புள்ளைக்குத் தலைக்கு ஊத்தச் சொல்றியா?"

"ஏங்க்கா, ஒரு நாள்தானே?"

"செவ்வா வெள்ளி பொம்பளைங்களுக்கு, புதன் சனி ஆம்பளைங்களுக்கு. இதுகூடத் தெரியாம அந்தூர்ல என்னத்தப் படிச்ச?"

தெரியாமல் என்ன? என் அம்மா பதினெட்டு வருடம் செவ்வாயும் வெள்ளியும் என் தலையைப் பிடித்து அரப்பு தேய்த்தவர். நாலு வருடம் தினமும் ஷவரில் நின்றதில் கிழமை கழுவிக்கொண்டு போயிருந்தது. கடிதம் எழுதும்போது ஹெல்சிங்கியில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தமிழில் எழுதினேனே தவிர, ஊருக்கு எழுதவில்லை. தப்பு அவர்களுடையது அல்ல.

அன்று செய்வதற்கு வேலை இல்லாததால், சனிக்கிழமைக்குப் பார்த்து வைத்திருந்த அரியலூர் இடத்தைச் சரிபார்க்கக் கிளம்பினோம். வழியில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த டிராக்டரின் டிரெய்லர் கொக்கி விட்டு, கரும்பு முழுக்க ரோட்டில் சரிந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸும் வேனும் நின்றுவிட்டன. டிரைவர் இறங்கி, யாரையும் திட்டாமல், பீடி பற்ற வைத்தார்.

"எவ்வளவு நேரமாவும்ணே?"

"ஏத்தி முடிக்கிற நேரமாவும்."

ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆளுக்கொரு கழியை ஒடித்தார்கள். மார்த்தாவுக்கும் ஒன்று கிடைத்தது. எப்படிக் கடிப்பது என்று ஒரு பாட்டியின் பல்லைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சாறு முழங்கை வரை வழிய நின்றாள். ஹெல்சிங்கியில் டிராம் நாலு நிமிடம் தாமதமானால் பலகையில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே தாமதத்துக்கு இனிப்புக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் சுமதிக்குப் போன் போட்டேன். காலையிலேயே நம்பர் வாங்கி வைத்திருந்தேன்.

"அக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊத்துவீங்கல்ல?"

"ஊத்துவோம்."

"ஊத்திட்டு, பின்னாம, எண்ணெய் தொடாம, அப்படியே கூட்டியாங்க. முடிஞ்சதும் நீங்களே பின்னி விடுங்க."

"தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா? எழவு வூட்டுக்குப் போறாப்புலத் தெருவோட நடந்து வரச் சொல்றியா?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. எண்ணெய் அலங்காரத்துக்கு மட்டுமல்ல. விரித்த, காய்ந்த தலையோடு தெருவில் போவது ஒரு செய்தி. அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்ற செய்தி. நான் ஒன்பது அம்மாக்களிடம் அந்தச் செய்தியைத் தெருவில் சொல்லிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அதுவும் அடிக்கோடு போட்டு.

"சரிக்கா. தெருவே வேண்டாம். சடையோடயே வாங்க. ஸ்கூல் குழாயில ஊத்துவோம். அளந்து முடிச்சுட்டு அங்கயே பின்னிக்கிட்டுப் போங்க. அரப்பு நான் வாங்கியாறேன்."

சுமதி முதலில் ஒரு கோழியை விரட்டினார். 

"அரப்பு நீ வாங்காத. கடைக்காரன் மண்ணக் கலந்து குடுத்தாக்கூட உனக்குத் தெரியாது. நாங்க கொண்டாரோம்."

அரியலூரில் பார்த்த இடம் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போக, ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது. காந்த அறையை இங்கே கட்டியிருந்தால் பிள்ளையின் மூளைக்குப் பதில் லாரியைத்தான் வரைந்திருப்போம். மார்த்தா சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தொப்பி போதும் என்று நீ சொன்னது சரி" என்றாள். பாராட்டுக்குப் பஞ்சமான வாயிலிருந்து வந்த ஒரு வரி. மத்தியானம் மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனபோது குழாயடியில் ஏற்கனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண் பிள்ளைகள், அத்தனை அம்மாக்கள், மூன்று வாளி. அரப்புக் கரைசல் ஒரு குண்டானில் பச்சையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"என் புள்ளைக்கு வாளி வந்தப்பறம் நீ எப்புடி எடுக்கலாம்?"

"ஒம் புள்ளைக்கு ரெண்டு வாளி ஊத்திட்ட. குளத்தையே ஊத்துனாலும் அந்தச் சிக்கு போவாது."

வரிசை, மேலத் தெரு தனி மற்றவர்கள் தனி என்று தெருவுக்கு ஒன்றாகப் பிரியப் பார்த்தது. நான் என் நோட்டில் பெயர் எழுதிய வரிசையில் மட்டும் கூப்பிட்டேன். ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார், "எல்லாப் புள்ளைக்கும் இதே தொப்பியத்தான் போடுவீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் கழுவித்தாங்க போடுவோம். ஆனா தொப்பி ஒண்ணுதான்."

அவர் என்னையும் தொப்பியையும் பார்த்தார். வரிசையில் நின்றுகொண்டார்.

யாழினிதான் மறுபடி முதலில். ஈரத் தலையைத் துண்டால் ஒற்றி உட்கார வைத்தோம். உப்புத்தண்ணீர்ப் பஞ்சுக்கு ஈரத் தலை உதவிதான். ஆனால் அரப்பு போட்ட தலையில் உப்புத்தண்ணீரா என்று சுமதி முகம் சுளித்தார். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

திரையைப் பார்த்தேன். ஒரு பச்சை. பிறகு நெற்றிப் பக்கம் நாலு. காதோரம் ஆறு. பின்மண்டையில் மட்டும் மூன்று சிவப்பு பிடிவாதமாக நின்றது. "அந்த எடத்துலதான் இவளுக்கு முடி அடர்த்தி" என்று சுமதியே விரலால் முடியை விலக்கிப் பஞ்சைத் தோலில் உட்கார வைத்தார். முப்பத்திரண்டும் பச்சை.

காதில் கதை ஓடியது. என் குரலில் பதிந்தது. நாய்க்குட்டியைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை, எங்கள் பேச்சில். திரையில் முப்பத்திரண்டு கோடுகள் ஓடின. கதையில் நாய்க்குட்டி குரைத்தபோது எல்லாக் கோடும் ஒருமுறை எழுந்து அடங்கியது. கணினி அதைத் தலை வடிவப் படமாக மாற்றியது. காதுக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு இடம் பூத்து மங்கியது.

"அதான் எம் புள்ள மூளையா?"

"அது வேலை செய்யிற இடம்க்கா. இப்பக் கதை கேக்குது."

"மனசுல நெனக்கிறதெல்லாம் தெரியுமா?"

"அது தெரியாது. எந்த இடம் எப்ப முழிக்குதுன்னு மட்டும்தான்."

"அப்ப எங்க வூட்டுக்காரரக் கூட்டியாறேன். முழிக்கிற எடம் ஒண்ணாவது இருக்கான்னு பாத்துச் சொல்லு."

சிரிப்பில் மேசை ஆடி, கோடுகள் எல்லாம் பேய் பிடித்தது போலக் குதித்தன. மார்த்தா உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கினாள். பிறகு விஷயம் என்னவென்று என்னிடம் கேட்டு, தனியாக ஒரு தடவை சிரித்தாள்.

மதியத்துக்குள் பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது பிள்ளைக்குத் தும்மல் வந்துவிட்டது. அவள் அம்மா அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அழைத்துப் போய்விட்டார். வராந்தா வெயிலில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து, தலையை மறுபடி அலசி, உலர்த்தி, எண்ணெய் வைத்துப் பின்னினார்கள். ஒரு பிள்ளையும் விரித்த தலையோடு பள்ளி வாசலைத் தாண்டவில்லை. யாரோ மார்த்தாவின் சாம்பல் முடியையும் பிடித்துப் பின்னி, ரிப்பன் கட்டிவிட்டார்கள். அவள் அதை அவிழ்க்கவில்லை.

சனிக்கிழமை அரியலூர், பையன்கள். வெளியே லாரி. அறையில் டியூப் லைட், மின்விசிறி, சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினோம், சுவரில் ஓடும் மின்சாரம் கோடுகளில் ஏறாமல் இருக்க. எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது, ஜெல் பிரச்சினை வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முடியைச் சேவல் கொண்டையாக நிறுத்திக்கொண்டு வந்திருந்தான்.

"என்னடா இது?"

"போட்டோ எடுப்பீங்கன்னு சொன்னாங்க மிஸ்."

"தலைக்குள்ளதான்டா எடுப்போம்."

"உள்ளயும் நல்லா வரணும்ல மிஸ்?"

அவனையும் குழாயடிக்கு அனுப்பினோம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் எட்டு. முந்திய நாளோடு பத்தொன்பது. இனி வருவதற்குப் பையன் யாரும் இல்லை.

மார்த்தா பெட்டியை மூடவில்லை. அளக்கும் முறையை எழுதும் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "பத்தொன்பதா இருபதா என்பது எனக்கு முக்கியமில்லை, பேராசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இல்லாதபோது வேறொருவர் இதைச் செய்ய முடியுமா? எழுது."

எழுதினேன். குழாய் உள்ள இடத்தில்தான் அளக்க வேண்டும். பெண் பிள்ளைகள் செவ்வாய், வெள்ளி. ஆண் பிள்ளைகள் புதன், சனி. தலை அலசுவது, பின்னுவது இரண்டும் அளக்கும் இடத்திலேயே. அம்மா கூடவே இருக்க வேண்டும். எண்ணெயும் சீப்பும் அவர்களே கொண்டு வருவார்கள். எண்ணெய் வைக்காமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது.

மார்த்தா படித்துவிட்டு, ஓரக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதினாள். கிழமைக் கட்டுப்பாட்டுக்குக் காரணம்: மூடநம்பிக்கை.

நான் பேனாவை வாங்கி அதை அடித்தேன்.

"காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது" என்றாள். கோபம் இல்லை, விதியைச் சொன்னாள்.

"காலியாக விட வேண்டாம். 'அந்த நாட்களில்தான் தலைக்குக் குளிப்பார்கள்' என்று எழுதுங்கள்."

"அது காரணம் இல்லையே. பழக்கம்."

"வியாழக்கிழமை எத்தனை தலையை அலச முடிந்தது? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரில் எத்தனை கிடைத்தது? இதைவிட என்ன காரணம் வேண்டும்? அந்தச் சொல்லை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர் இவர்களைத் திருத்தப் பார்ப்பார். அளக்க மாட்டார்."

மார்த்தா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நான் எழுதியதை மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு நான் சொன்ன வரியை என் எழுத்துக்குக் கீழே அப்படியே எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சி விமான நிலையத்தில் அவள் கையில் ஒரு தோள்பை மட்டும் இருந்தது. பெட்டி பள்ளிக்கூட பீரோவில். அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சுமதியின் போன் வந்தது.

"பாப்பா, செவ்வாக்கெழமைக்கு எட்டுப் பேரு பேரு குடுத்திருக்காங்க. எழுதிக்க. அதுல ரெண்டு பேரு மேலத் தெரு. வாளி மட்டும் இன்னும் ரெண்டு வேணும்."

நோட்டைப் பிரித்து எழுதினேன். முதல் பெயரே இருபதாவது.